ஆறாவது டப்பா

எங்கள் கோல்ஃப் மைதானத்தில் புல் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோல்ஃப் என்றதும் கேட்பவர்கள் பச்சைப் பசேலென்று ஓர் இடத்தை மனதில் விரித்துக்கொள்கிறார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில் ஒரு நூற்பாலை. அதற்குப் பின்னால், புது ஷெட் கட்டுவதற்கென்று வாங்கிப் போட்டு, கட்டாமலே விட்ட கரிசல் நிலம். அதில் ஆறு குழிகள். எண்பதுகளின் கடைசி வருஷங்களில் நாங்கள் ஐந்து பேர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே விளையாடினோம். நான் அந்த ஆலையில் பஞ்சு சோதிக்கிற லேபில் இருந்தேன்.

தொடங்கி வைத்தவர் எங்கள் இன்ஜினியர். நீலகிரியில் தேயிலைத் தொழிற்சாலையில் இருந்துவிட்டு வந்தவர். வரும்போது நான்கு மட்டைகளும் ஒரு பெட்டி பழைய பந்துகளும் கொண்டுவந்தார்.

"புல்லு இல்லாத ஊர்லயும் விளையாடுறாங்க சார். மணல்ல எண்ணெயக் கலந்து கெட்டி பண்ணி, அதுக்கு நடுவுல குழி வைப்பாங்க" என்றார்.

மணலுக்கும் எண்ணெய்க்கும் எங்களுக்குப் பஞ்சமில்லை. குண்டாற்று மணலைச் சலித்து, மெஷின்களிலிருந்து வடித்த கழிவெண்ணெயை ஊற்றிப் பிசைந்து, குழியைச் சுற்றி வட்டமாகப் பரப்பிச் சாக்கு சுற்றிய குழாயை உருட்டினோம். காய்ந்ததும் கருப்பட்டி நிறத்தில் மினுங்கியது. பந்து அதில் ஓடும்போது சத்தமே வராது. அதைப் பார்க்க எனக்கு அலுக்கவே இல்லை.

குழிக்குள் இறக்கி வைக்க டப்பாக்கள் என் வீட்டிலிருந்து போயின. மகள் பிறந்த சமயத்தில் என் மனைவிக்குக் காமாலை. பிள்ளை பால்பவுடரில்தான் வளர்ந்தாள். அந்த டப்பாக்களில் மிளகாயும் உளுந்தும் போட்டு வைத்திருந்தாள் மனைவி. அளவு எடுத்து வைத்ததுபோல் குழிக்குச் சரியாக இருந்தன. ஆறு கேட்டேன்.

"உளுந்த எதுல போடச் சொல்றீக? உங்க சட்டைப் பையிலயா?" என்று கேட்டுக்கொண்டேதான் கொட்டிக் கொடுத்தாள். தண்ணீர் வடிய அடியில் ஆணியால் ஓட்டை போட்டுப் புதைத்தோம். அதனாலேயே என் மகளுக்கு அந்த மைதானத்தின்மேல் ஒரு பாத்தியதை. "எல்லாம் என் டப்பா" என்பாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் ஃபிட்டர் இரும்புக் குழாயை அறுத்து, முனையில் பட்டை பற்றவைத்து, அவள் உயரத்துக்கு ஒரு மட்டை செய்து கொடுத்திருந்தார். பெரியவர்களோடு சேர்ந்து அவளும் ஆறு குழியும் ஆடுவாள். பந்தைக் குழியில் போட யாருக்கு எத்தனை அடி ஆனது என்று நோட்டில் எழுதுவதும் அவள்தான். ஃபிட்டர் ஓர் அடியைக் குறைத்துச் சொன்னால் விட மாட்டாள்.

"மாமா, வேலிக்குள்ள அடிச்சதையும் சேத்து ஏழு."

"அது காத்து அடிச்சது பாப்பா. நான் அடிக்கல."

"காத்துக்கு எழுத நோட்டுல எடம் இல்ல மாமா."

கரிசலில் மழைக்காலத்தில் கால் வைக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் நாலு எட்டு நடந்தால் செருப்பு ஆளைவிடக் கனக்கும். அப்போது ஒவ்வொரு டப்பாவையும் ஒரு பலகைக்கல்லால் மூடிவிட்டு மைதானத்தை மறந்துவிடுவோம். தை முடியும்போது மண் இறுகி, வெடிக்கத் தொடங்கும். மாசி பிறந்ததும் இன்ஜினியர் சட்டைக் கையைச் சுருட்டிவிடுவார். மழைக்கு முளைத்த சீமைக் கருவேலங் கன்றுகளை வேரோடு தோண்ட வேண்டும். விட்டுவிட்டால் அடுத்த வாரமே செருப்பைத் துளைக்கும். மிச்சப் புல்லை மேய வரும் வெள்ளாடுகள் பார்த்துக்கொள்ளும். கால் நுழையும் வெடிப்புகளை மட்டும் மண் போட்டு மூடுவோம். பந்து மட்டும் நுழையும் வெடிப்புகளை மூடி முடியாது. அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தோம்: வெடிப்புக்குள் போன பந்துக்கு அடி சேராது, குடைக்கம்பியை வளைத்து எடுத்துக்கொள்ளலாம். சில பந்துகள் எந்தக் கம்பிக்கும் எட்டாமல் போயே போய்விட்டன.

மணலுக்குப் புது எண்ணெய் விட்டு உருட்டிய பிறகு டப்பாக்கள். ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து, கவிழ்த்து, கல்லில் தட்டி, உள்ளே பார்த்துத் துடைத்து, மறுபடி இறக்க வேண்டும். மூன்று மாதம் மூடிக் கிடந்தவை. தேரை இருக்கும், தேள் இருக்கும். டப்பா என் வீட்டுடையது என்பதால் அந்த வேலை என்னுடையது.

அவளுக்கு ஒன்பது வயதான அந்த வருஷம், மாசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து டப்பாக்களைத் தட்டி வைத்தேன். ஆறாவதின் கல்லைப் புரட்டித் தள்ளினேன். அதற்குள் ஃபிட்டர் டீ வந்துவிட்டதென்று கத்தினார். குடித்துவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று போனேன். டீ குடித்தபடி மறுநாள் ஆட்டத்தைப் பற்றிப் பேசினோம். பிறகு எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பினோம். நானும் கிளம்பினேன்.

மறுநாள் ஞாயிறு, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம். கோயிலுக்குப் போய் வந்து சாப்பிட்டு எழுந்ததும் மனைவி சொன்னாள்: "லெந்து நாளு. ஒரு ஞாயித்துக்கெழமையாவது வீட்ல வேதத்த எடுத்துட்டு உக்காரக்கூடாதா? பிள்ளையையும் சேத்து எண்ணெயில பெரட்டிக் கொண்டுவாறீக."

"பொழுது சாயுறதுக்குள்ள வந்துருவோம்" என்றேன்.

அந்த வருஷத்தின் முதல் ஆட்டம். எல்லோருக்கும் கை கூடாமல் பந்து கண்ட பக்கம் போனது. ஆறாவது குழியில் என் மகள் முதலில் அடித்தாள், பந்து மணல் வட்டத்தின் ஓரத்தில் போய் நின்றது. அடுத்த அடிக்கு, எண்ணெய் மணலில் எட்டடி தூரம் நேராக ஓடி டப்பாவுக்குள் விழுந்தது. அவள் வாழ்க்கையில் அவ்வளவு தூரத்திலிருந்து போட்டதே இல்லை. நாங்கள் கை தட்டினோம். ஓடிப்போய்க் குனிந்து டப்பாவுக்குள் கையை விட்டாள்.

கத்தவில்லை. கையை எடுத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, என்னமோ குத்திருச்சு" என்றாள்.

நான் அவள் கையைத்தான் பார்த்தேன். ஆள்காட்டி விரலில், நகத்துக்குக் கீழே, ரத்தம் ஒரு பொட்டாக வந்தது. ஒரு பொட்டா இரண்டா என்று தெரிவதற்குள் கலந்துவிட்டது. ஃபிட்டர் மட்டையின் முனையால் டப்பாவை நெம்பி வெளியே உருட்டினார். அதிலிருந்து ஏதோ விழுந்து வெடிப்புக்குள் போனது. நான் பார்க்கவில்லை. பார்த்த அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

"பூரானா இருக்கும் சார்" என்றார். வெடிப்புக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, மெதுவாக, "சுருட்டையாவும் இருக்கலாம்" என்றார்.

சுருட்டை விரியன். எங்கள் பக்கத்தில் ஒரு சாண் நீளம்தான் இருக்கும். ஆளைக் கொல்ல அது போதும்.

இன்ஜினியர் அதற்குள் ஸ்கூட்டரை மிதித்துவிட்டார். பிள்ளையை நடுவில் வைத்து நான் பின்னால் உட்கார்ந்தேன். ஃபிட்டர் என் வீட்டுக்குச் சைக்கிளில் போனார். டவுனுக்குப் போய்ச் சேரும்வரை அவள் விரலை என் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். வீங்குகிறதா இல்லையா என்று பார்த்தேன். மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கியதில் எதுவும் தெரியவில்லை. "வலிக்கிதாம்மா, வலிக்கிதா" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். "நீங்க இறுக்கிப் பிடிக்கிறதுதாம்ப்பா வலிக்கிது" என்றாள்.

டவுனில் ஒரு லேடி டாக்டரின் கிளினிக். ஞாயிற்றுக்கிழமையிலும் மாடியிலிருந்து இறங்கி வந்தார். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். ஊசியில் கொஞ்சம் ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, ஜன்னல் திண்டில் நிறுத்தினார்.

"விரியன் விஷம் ஏறியிருந்தா ரத்தம் உறையாது. இருவது நிமிஷம் இத யாரும் தொடக்கூடாது, ஆட்டக்கூடாது. அப்புறம் சாய்ச்சுப் பார்ப்பேன். உறைஞ்சிருந்தா பாப்பாவ இங்கயே வச்சுப் பாத்துக்கலாம். உறையலைன்னா விஷமுறிவு மருந்து போடணும், அது என்கிட்ட இல்ல. மதுரைக்குத்தான் போகணும். வண்டிய ரெடியா வச்சுக்கங்க."

இன்ஜினியர் ஆலை ஜீப்புக்கு டிரைவரைத் தேடி ஓடினார். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். சுவரில் கடிகாரம். ஜன்னலில் குழாய். கட்டிலில் பிள்ளை. மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்ப்பதைத் தவிர எனக்குச் செய்வதற்கு எதுவும் இல்லை. பஞ்சு சோதிக்கிறவன் நான். எத்தனையோ மாதிரிகளுக்கு நேரம் வைத்துக் காத்திருந்திருக்கிறேன். அந்தக் குழாய்க்குள் என் பிள்ளையின் ரத்தம் இருந்தது.

"அப்பா, நான் ரெண்டே அடியில போட்டேன். நோட்டுல எழுதல" என்றாள்.

"எழுதிக்கலாம்மா."

"மாமா அதுக்குள்ள அவுக ஸ்கோர மாத்தி எழுதிருவாக."

அப்போதுதான் ஃபிட்டரின் சைக்கிள் கேரியரில் என் மனைவி வந்து இறங்கினாள். கோயிலுக்குக் கட்டிய அதே வெள்ளைச் சேலை. பிள்ளையின் நெற்றியில் கை வைத்தாள். டாக்டரிடம் எல்லாம் கேட்டுக்கொண்டாள். பிறகு என்னிடம் வந்து மிகத் தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"அந்த டப்பாவத் தட்டிப் பாத்தீகளா?"

"பார்த்தேன்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக யோசித்திருக்கிறேன். குழாயில் பத்து நிமிஷம்தான் ஆகியிருந்தது. அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லிவிட்டால் ரத்தம் உறையாமலே போய்விடும் என்று ஏதோ ஒன்று எனக்குள் நம்பியது. படித்தவன் நினைக்கிற நினைப்பா அது? பயந்தேன், அவ்வளவுதான். அவள் கட்டிலின் பக்கத்தில் நின்று உதடு அசையாமல் ஜெபம் பண்ணினாள்.

டாக்டர் வந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் ஒரு நிமிஷம் சும்மா நின்றார். பிறகு குழாயை இரண்டு விரலால் எடுத்து மெல்லச் சாய்த்தார். முழுக்கவே சாய்த்தார். உள்ளே ரத்தம் அசையவில்லை. நுங்குபோல அடியில் அப்படியே நின்றது.

"உறைஞ்சிருச்சு" என்றார்.

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். ஃபிட்டர் என் தோளைப் பிடித்து உட்கார வைத்து, "என்ன சார், பாப்பாவே கெட்டியா இருக்கு" என்றார். சொல்லிவிட்டு அவர்தான் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

டாக்டர் பின்னும் இரண்டு முறை ரத்தம் எடுத்துப் பார்த்தார். இரண்டு முறையும் உறைந்தது. மறுநாள் காலையில் வீட்டுக்கு வந்தோம். விரல் மூன்று நாள் வீங்கியிருந்தது, பிறகு வடிந்தது. பூரானா, விஷம் இறக்காமல் விட்ட சுருட்டையா, இன்றுவரை தெரியாது. இப்போது அவள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். ஜூனில் மதுரையில் ஹாஸ்டல். அவள் சிரித்துக்கொண்டே அந்தக் கதையைச் சிநேகிதிகளிடம் சொல்லும்போது நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

அந்த வாரம் வியாழக்கிழமை, பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு, அடுப்படி வாசலில் நின்று மனைவியிடம் சொன்னேன். ஐந்தைத்தான் தட்டினேன், ஆறாவதை விட்டுவிட்டேன், டீ குடிக்கப் போனேன், உன்னிடம் பொய் சொன்னேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது. "டீயா?" என்றாள். அன்றும் மறுநாளும் என்னோடு பேசவில்லை. தட்டில் சோறு வந்தது, தண்ணீர் வந்தது, வார்த்தை வரவில்லை. அது எனக்கு ஒருவகையில் ஆறுதலாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் இன்ஜினியரும் ஃபிட்டரும் நானும் மைதானத்தில் நின்று, விளையாட்டையே நிறுத்திவிடலாமா என்று பேசிக்கொண்டிருந்தோம். நிறுத்திவிடலாம் என்று சொன்னது நான். அப்போது ஆலையின் பின்கேட் வழியாக என் மனைவி வந்தாள். அதுவரை ஒருநாளும் அங்கே வந்ததில்லை அவள். கையில் அடுப்படி இடுக்கி. பின்னால் என் மகள், தன் மட்டையோடு.

"எங்க இருக்கு டப்பா எல்லாம்?" என்று ஃபிட்டரிடம் கேட்டாள்.

அவர் வழி காட்டினார். ஒவ்வொரு குழியாகப் போனாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குந்தி, இடுக்கியால் டப்பாவை வெளியே இழுத்து, கவிழ்த்து, கல்லில் மூன்று தட்டுத் தட்டி, வெளிச்சத்தில் உள்ளே பார்த்து, திரும்ப வைத்தாள். இன்ஜினியர், "வேணாம்மா, நாங்க பாத்துக்கிறோம்" என்றார். "நீங்க பாத்த லட்சணத்தத்தான் நான் பாத்தேனே சார்" என்றாள். ஆறாவதில் மட்டும் அதிக நேரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலிருந்த வெடிப்பைக் காலால் மண் தள்ளி மூடினாள், அழுத்தி மிதித்தாள்.

எழுந்ததும் என்னிடம் பேசினாள், இரண்டு நாளைக்குப் பிறகு.

"பிள்ளைக்கு இது பிடிச்சிருக்கு. நிறுத்தாதீக. ஆனா டப்பா என் வேல. நீங்க தொடக்கூடாது."

அந்த ஆலையைவிட்டு நாங்கள் வேறு ஊர் போகும்வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் வந்தாள். ஆட்டம் எப்படி என்று ஒருநாளும் கேட்டதில்லை, நின்று பார்த்ததும் இல்லை. ஆறையும் தட்டி வைத்துவிட்டு எங்களைப் பார்த்துத் தலையை அசைப்பாள். அதன் பிறகுதான் நான் மூச்சு விடுவேன்.