கடப்பில் இல்லாத வேப்பிலை

“…விதானையார்ர கண்ணில படட்டும், மறுகா தெரியும்! புள்ளயத் தூக்கித் தோணில போட்டு அங்கால கொட்டிலுக்குக் கொண்டு போயிடுவாங்க. பெத்தவளயும் கிட்ட விடமாட்டாங்க. கழட்டுங்க மச்சான் அந்த வேப்பிலைய!”

சொன்னது என் மச்சாள், மனைவியின் தமக்கை. நான் மாப்பிள்ளையாய் வந்த அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். மெல்லப் பேச அவளுக்கு வராது. அவள் குசுகுசுத்தால்கூடச் செட்டிபாளையத்துக்குக் கேட்கும் என்று அயலார் பகிடி பண்ணுவார்கள்.

எங்கள் மகள் அப்போது பால்குடி மறக்கவில்லை. காய்ச்சல் வந்து, முதுகிலும் வயிற்றிலும் சிவப்புச் சிவப்பாய்ப் போட்டு, விடிந்து பார்த்தால் ஒவ்வொன்றிலும் நீர் கோத்திருந்தது. அது பிள்ளைகளுக்கு வரும் வெறும் கொப்புளிப்பான், சின்ன அம்மைதான் என்று பிறகு தெரிந்தது. அன்று யாருக்குத் தெரியும்? வாவிக்கு அக்கரையில் பெரிய அம்மைக்காரரைத் தனியே வைக்கக் கொட்டில் போட்டிருந்தார்கள். அம்மை கண்ட வீட்டைப் பிடித்துக் கொடுப்பது ஊர்த் தலைவரான விதானையாரின் வேலை. அங்கே போன பிள்ளையொன்று திரும்பவில்லை என்று ஊரெல்லாம் ஒரே கதை.

மனைவியோ வழக்கப்படி வேலியில் ஆள் நுழையும் கடப்பிலே வேப்பிலை கட்டிவிட்டாள். இலையைக் கண்டால் வெளியார் வளவுக்குள் கால் வைக்கமாட்டார்கள்.

“கழட்டினா அம்மாள் கோவிப்பாவே அக்கா…”

“அவ தாய்தானேடி, அவக்கு விளங்கும். விதானையாருக்கு விளங்குமா?”

எனக்குக் கை எழவில்லை. மச்சாளே போய்ப் பிடுங்கி வந்து பாயின் கீழே செருகினாள். அதன் பிறகு வீட்டில் மூச்சுச் சத்தம்கூடப் பெரிதாய்க் கேட்டது. பிள்ளை சிணுங்கும்போதெல்லாம் மனைவி அவளை நெஞ்சோடு அமர்த்துவாள். வேலிக்கு வெளியே ஒழுங்கையில் யாராவது இருமினால் நான் எழுந்து போய் எட்டிப் பார்ப்பேன்.

வெயில் சாயும் நேரம், ஒழுங்கையில் கறுப்புக் குடை தெரிந்தது. விதானையார்தான். எங்கள் வேலியோரம் நின்று, வண்டிக்காரன் ஒருவனோடு வயல் வட்டைக்குத் தண்ணீர் பாய்ச்சுவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். போய்விடு, போய்விடு என்று மனதுக்குள் மன்றாடினேன்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெண் எங்கள் கடப்பைத் தாண்டி உள்ளே வந்தாள். ஒரு கையில் சிரட்டை. மறுகையில், பிறந்து தலைகூட நிற்காத குழந்தை.

“மச்சாள், அடுப்பு நூந்து போச்சு. கொஞ்சம் நெருப்புத் தாங்ககா.”

இலை இல்லை, அவள் ஏன் நிற்கப்போகிறாள்? நேரே வாசலுக்கு வந்துகொண்டிருந்தாள். நான் வேலிப் பக்கம் பார்த்தேன்; குடை அங்கேயே நின்றது. உள்ளே மனைவி பிள்ளையைச் சேலையால் மூடினாள்.

மச்சாள் வாசலுக்கு வந்தாள். வேலிக்கு மேலே தெரிந்த குடையைப் பார்த்தாள். அந்தப் பச்சைக் குழந்தையைப் பார்த்தாள்.

“நில்லுகா அங்கேயே!” என்று ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்தினாள். “புள்ளயக் கொண்டு உள்ள வராத! எங்கட வீட்டில அம்மாள் வந்திரிக்கா!”