எனக்கு இல்லாத வியாதி

எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது தெருவே என்னை நோயாளி என்று நம்பியது. நானும் நம்பினேன். எல்லாம் அம்மாவின் வாய் சாமர்த்தியம்.

நோய் உண்மையில் சித்திக்கு. அம்மாவின் தங்கை, எங்கள் வீட்டில் தங்கி, துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்த்தாள். மாதவிலக்கு மாதக்கணக்கில் வராது. தாடையில் முடி அரும்பியது, உடம்பும் போட்டது. லேடி டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டுப் பி.சி.ஓ.எஸ்., அதாவது சினைப்பை நீர்க்கட்டி என்றார். இது யார் செய்த தப்பும் இல்லை, மாத்திரை, நடை, சாப்பாட்டில் கட்டுப்பாடு என்று இருந்தால் கைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்றாராம். "கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிரும்லா?" என்று அம்மா கேட்டதற்கு, "கல்யாணம் மாத்திரை இல்லம்மா" என்று பதில் வந்ததாம். பின்னாளில் சித்தி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

மாத்திரை போட்டால்தான் மாதவிலக்கு வருகிறது, தானாக ஒரு தரம் வந்துவிடாதா என்பதுதான் சித்தியின் ஏக்கம். அம்மாவின் கவலை வேறு. சித்திக்கு நாசரேத் ஊரிலிருந்து ஒரு வரன் பேசிக்கொண்டிருந்த நேரம். விஷயம் வெளியே கசியக் கூடாது.

முதலில் தவக்காலம் கைகொடுத்தது. சித்தி இனிப்பைத் தொடாததைப் பார்த்து, எவ்வளவு பக்தி என்று கோயிலில் எல்லோரும் மெச்சினார்கள். ஈஸ்டர் வந்தது. தவக்காலம் முடிந்தும் சித்தியின் விரதம் முடியவில்லை. பக்கத்து வீட்டு அக்கா கேக்கை நீட்டிக்கொண்டு "இன்னுமா?" என்று கேட்க, அம்மா சட்டென்று என் தலையில் கையை வைத்தாள்.

"டாக்டர் இவளுக்குத்தான் இனிப்பே ஆகாதுன்னுட்டாவ. தெனமும் நடக்கச் சொல்லியிருக்காவ. பிள்ள ஏங்கிரக் கூடாதுன்னு இவ சித்தியும் திங்காம கெடக்கா."

நான் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பேன். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அன்றிலிருந்து சித்தி வேலை முடிந்து வந்ததும் நாங்கள் இருவரும் பீச் ரோட்டில் நடப்போம். அவள் வேகத்துக்கு நான் ஓட வேண்டும். எதிரில் வருகிறவர்கள் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டுவார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. பேக்கரி அண்ணாச்சி மட்டும்தான் தொல்லை. எங்கள் ஊரில் பிறந்துவிட்டு, ஊருக்கே பேர்போன முந்திரி மக்ரூன் தின்னாமல் இருப்பது லேசான காரியமா? வீட்டுக்கு வந்த மாமா கொடுத்த காசோடு போய் நின்றால், "ஏளா, ஒனக்கு ஆகாதுல்லா" என்று கடலை மிட்டாயைக்கூடத் தராமல் வறுகடலையைத் தந்து அனுப்பிவிடுவார்.

மழைக்காலம் தொடங்கும்போது ஒருநாள், பாதி நடையில் சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். என் கையை இழுத்துக்கொண்டு அவசரமாகப் பேக்கரிக்குள் நுழைந்து, பின்பக்கம் கழிப்பறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. ஆனால் வாயெல்லாம் சிரிப்பு.

"வலிக்கா சித்தி?"

"நல்லா வலிக்கிட்டீ" என்று இன்னும் சிரித்தாள். பிறகு, "அண்ணாச்சி, பிள்ளைக்குக் கால் கிலோ மக்ரூன் குடுங்க" என்றாள்.

"டாக்டரம்மா வைய மாட்டாவளா?"

"இன்னைக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாவ அண்ணாச்சி."

அவளும் ஒன்றே ஒன்றை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு வாயில் கரையவிட்டாள். எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம். வியாதி போய்விட்டது, நடந்தே குணமாக்கிவிட்டேன் என்று வழியெல்லாம் பெருமை. வீட்டில் சித்தி அம்மாவின் காதில் ஏதோ சொல்ல, அம்மா சிலுவை போட்டுக்கொண்டு எனக்குத்தான் முத்தம் கொடுத்தாள்.

மறுநாள் சாயங்காலம் சித்தி வழக்கம்போலச் செருப்பை மாட்டிக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"எனக்குத்தான் சரியாயிட்டே, இனி எதுக்கு நடக்கணும்?" என்று அழுதேன்.

"சரியா இருக்கதுக்குத்தாம்ட்டீ நடக்கணும்" என்றாள் சித்தி. வயிறு வலிக்கும்போது சிரிக்கிறவளிடம் என்ன பேசுவது என்று நானும் செருப்பை மாட்டிக்கொண்டு அவள் பின்னால் ஓடினேன்.