மேனேஜருக்குத் தலை சாய்ந்த கதை

என் அத்தைக்குத் தெருவில் இரண்டு பெயர். முகத்துக்கு நேரே டெய்லரம்மா. முதுகுக்குப் பின்னால் இஞ்ச் டேப். அளவு கொடுக்க நிற்பவர் கொஞ்சம் சாய்ந்தாலும் போச்சு. "நிமிர்ந்து நில்லுங்க. நான் ஆளுக்குத் தைக்கிறேன், வளைஞ்ச ஆணிக்கு இல்ல." கல்யாணப் போட்டோவில் தலையைச் சாய்த்து நின்றதற்கு மாமா இன்றைக்கும் ஏச்சு வாங்குகிறார்.

அப்பேர்ப்பட்டவர் வளர்த்த முயல் ஒரு நாள் காலையில் தலையைத் தோள்மேல் போட்டுக்கொண்டு எழுந்தது. பெயர் மேனேஜர். தையல் மேசைக்கடியில் உட்கார்ந்து தின்பதும் முறைப்பதும் தவிர வேறு வேலை பார்க்காததால் நான் வைத்த பெயர். இரண்டு எட்டு வைத்தால் உருண்டு விழுந்தது.

"சுளுக்குதான். எண்ணெய் தடவு," என்றார் மாமா, படுக்கையில் இருந்தபடியே.

மாமாவையும் எழுப்பி இழுத்துக்கொண்டு போனோம். கால்நடை மருத்துவர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு வேறு சொன்னார். கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணியாம். மூளையிலும் சிறுநீரகத்திலும் புகுந்து குடியிருக்குமாம்.

"வாடகை குடுக்காம உள்ளேயே தின்னுட்டு, வீட்டையே சாய்ச்சிடும்னு சொல்லுங்க," என்று அத்தை மாமா பக்கம் திரும்பினார். மாமா மின்விசிறியைப் பார்த்தார்.

"மருந்து தரேன். ஆனா அதுவா வாய் வச்சுத் திங்கணும்மா. இந்த வாரத்துக்குள்ள திங்கலைன்னா வதைக்க வேணாம், ஊசி போட்டு ஒரேயடியாத் தூங்க வச்சிடலாம்," என்றார் மருத்துவர்.

அத்தை மேனேஜரை முந்தானையில் சுற்றிக்கொண்டு எழுந்தார். வீட்டுக்கு வந்ததும் நேரே தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தார்.

மேனேஜர் உருளாமல் இருக்க, வெட்டுத்துணியைத் திணித்து ஒரு வளையத் தலையணை தைத்தார். தையல் கோணிக்கொண்டு போனது. பார்த்தார், பிரிக்கவில்லை. கீரையை அரைத்து, ஊசி கழற்றிய சிரிஞ்சால் ஊட்டினார். அது சாய்ந்த பக்கமே தன் தலையையும் சாய்த்துக்கொண்டார்.

"அத்தை, கோணலா இருக்கீங்க."

"வாயை மூடுடா. இதைப் பிடி."

பள்ளிக்கு மட்டம் போட நல்ல சாக்கு என்று நானும் பக்கத்திலேயே கிடந்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை என்பது வேறு விஷயம்.

கெடு முடியும் நாள். தைக்கக் கொடுத்திருந்த கோட்டை வாங்க வங்கிக்காரர் ஒருவர் வந்தார். கோட்டு மேசைக்கடியில் விழுந்து கிடந்தது; கை ஓரம் கந்தல். மேனேஜர் வாயில் நூல் தொங்கியது. வாய் அசைந்துகொண்டிருந்தது.

அத்தை கோட்டை அவர் மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "பாருங்க சார்! கடிச்சிருக்கான்! அவனாவே கடிச்சிருக்கான்!"

"அது என் கோட்டும்மா..."

"வேற தச்சுத் தரேன், உட்காருங்க. டேய், அந்த நூலைப் பிடுங்கிட்டு கீரையை வை!"

வைத்தேன். வங்கிக்காரரும் வேறு வழியில்லாமல் எங்களோடு குனிந்தார். கீரைத்தண்டு கொஞ்சம் கொஞ்சமாக மேனேஜர் வாய்க்குள்ளே போயிற்று.