லேஞ்சி போட்ட கதிரை

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு மண்டபம் இருக்கிறது. கடற்காற்று அடங்கிய மாலைகளில் அங்கே மிருதங்கத்துக்குச் சுருதி சேர்ப்பதுகூட எங்கள் பல்கனிக்குக் கேட்கும். மனைவி சக்கர நாற்காலியில் இருந்தபடி இடக்கையால் தொடையில் தாளம் போடுவாள். நான் உள்ளே போய்த் தேத்தண்ணீர் போடுவேன். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் சும்மா இருக்க என்னால் முடிவதில்லை.

முப்பது வருடத்துக்கு மேல் அந்த மண்டபத்தில் எங்களுக்கு இடம் பிடித்தவன் நான். கந்தோரில் வேலை விட்டதும் நேரே அங்கேதான் போவேன். முதலில் கதிரைகளை எண்ணுவேன், வரிசைக்கு இருபத்திரண்டு. பிறகு மின்விசிறிக்குக் கீழே, நடைபாதை ஓரமாக, என் கதிரையில் குடையை வைத்து, பக்கத்துக் கதிரையில் என் கைக்குட்டையை, எங்கள் பேச்சில் லேஞ்சியை, விரிப்பேன். எங்கள் சனத்துக்கு அது சட்டம். கதிரையில் லேஞ்சி கிடந்தால் அமைச்சரே வந்தாலும் தள்ளித்தான் இருக்க வேண்டும். மனைவி வீட்டு வேலை முடித்து, சேலை மாற்றி, முதல் பாட்டுத் தொடங்கிய பின்தான் வருவாள். லேஞ்சியை எடுத்து நாலாக மடித்து என் கையில் தந்துவிட்டு உட்காருவாள்.

ஒருமுறை கூட்டம் மிஞ்சி, தூணுக்குப் பின்னால்தான் எனக்கு இடம் அகப்பட்டது. அவள் வந்து இருந்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இஞ்சேருங்கோ, தூண் நல்லாப் பாடுது" என்றாள். அந்தப் பகிடி பிறகு எங்களோடேயே இருந்தது. கலியாண வீட்டுப் பந்தியில் இடம் பிடித்தாலும், "தூண் இருக்கோ எண்டு பாத்தனீங்களோ?" என்றுதான் கேட்பாள்.

பாரிசவாதம் வந்தபின் மண்டபத்துக்கு ஒரே ஒருமுறை போனோம். வாசலில் ஏழு படி. நாலு பேர் அவளை நாற்காலியோடு தூக்கினார்கள். எல்லோரும் தெரிந்தவர்கள், அன்பானவர்கள். அவள் சேலைக் கரையை இறுக்கிப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும், "இனி... வேண்டாம்" என்றாள். அப்போது அவளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று சொற்கள்தான் வரும். அன்றைக்கு வந்தவை அவை.

ஆகவே கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மகள், "அப்பா, பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பார்க்குக்குப் போவம். ஸ்டேஜ் ஷோ எல்லாம் இருக்காம். வீல்செயாருக்கும் இடம் இருக்கெண்டு போட்டிருக்கினம்" என்றபோது, இராட்டினமும் சறுக்கும் என் காதில் ஏறவில்லை. மேடையும் இடமும் ஏறின. மனைவிக்குப் பக்கத்தில் இருந்து இன்னொரு முறை ஒரு மேடையைப் பார்க்க வேண்டும். பாட்டோ கூத்தோ கரணமோ, எதுவானாலும் சரி. இரண்டு லேஞ்சிகளைத் தோய்த்து மடித்தேன். ஒன்று அவள் வாயோரம் துடைக்க. மற்றது எனக்கு.

பார்க்கில் ஆட்டம் தொடங்கக் கொஞ்ச நேரம் இருந்தது. மகள் தாயைக் கழிவறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். "நான் முன்னுக்குப் போய் இடம் பிடிக்கிறன்" என்றேன்.

"அப்பா, நில்லுங்கோ, அங்க அம்மாக்கு வேற..."

மிச்சத்தைக் கேட்க நான் நிற்கவில்லை. பேரனையும் பேத்தியையும் இரு கையிலும் பிடித்தபடி அரங்குக்குள் இறங்கினேன். கிண்ணம்போலச் சரிந்த அரங்கு. பதினான்கு வரிசை, இடையிடையே கொங்கிறீட் படி. மூன்றாவது வரிசையில், நடைபாதை ஓரத்தில், நல்ல இடம் கிடைத்தது. மனைவியின் நாற்காலியை நடைபாதையில் என்னோடு ஒட்டி நிறுத்தலாம் என்பது என் கணக்கு. குடை, லேஞ்சி, பேத்தியின் தொப்பி, தண்ணீர்ப் போத்தல் என்று நாலு கதிரை பிடித்தேன். அந்த நாற்காலி இத்தனை படிகளில் எப்படி இறங்கும் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

மகள் தள்ளிவந்த நாற்காலி மேலேயே நின்றுவிட்டது. கடைசி வரிசைக்கும் பின்னால், சாய்தளம் முடிகிற இடத்தில், தரையில் இரண்டு நீலச் சதுரங்கள் கீறியிருந்தார்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பொருத்திய கதிரை ஒன்று. நான் கையைக் காட்டி நடைபாதையைச் சுட்டினேன். அங்கே நின்ற ஊழியர் இறங்கி வந்து, "பே, அங்கிள்" என்றார். முடியாது. வழியை மறிக்கக் கூடாதாம். நாற்காலி மேலேதான் நிற்கலாமாம்.

"அப்ப கூட எத்தனை பேர் இருக்கலாம்?" என்று சிங்களத்தில் கேட்டேன்.

"எக்கெனெக் விதரய்." ஒருவர் மட்டும்.

அந்த ஒருவர் நான் என்று சொல்ல வாயெடுக்கையில் விளக்குகளை அணைத்து மேளத்தை அடித்துவிட்டார்கள். பிள்ளைகளைத் தனியே விட்டுப் போக முடியாது. மேலே மகள் இருக்கிறாள், அவள் பக்கத்தில் இருப்பாள் என்று நானும் இருந்துவிட்டேன்.

மேடையில் நெருப்பு வளையத்துக்குள்ளால் பாய்ந்தார்கள். ஒருவர் மரக்காலில் நடந்தார். நான் திரும்பித் திரும்பி மேலே பார்த்தேன். மேலிருந்து மேடைக்கு அடித்த விளக்கு என் கண்ணில் பட்டதில் உருவங்கள் மட்டும்தான் தெரிந்தன.

"அம்மப்பா, ஸ்டேஜ் அங்கால!" என்றான் பேரன்.

"விடு, அவர் பின்னால எத்தனை பேர் எண்டு எண்ணுறார்" என்றாள் பேத்தி.

குழந்தையைத் தூக்கியபடி ஒரு பெண் லேஞ்சி கிடந்த கதிரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எடுத்துக்கொடுத்திருக்கலாம். கை போகவில்லை.

ஆட்டம் பாதி தாண்டிய பிறகு மகள் மூச்சு வாங்க இறங்கி வந்தாள். "போனை எங்க வச்சனீங்கள்? எத்தனை தரம் அடிக்கிறது!"

"சத்தத்துக்கை கேக்கேல்லைப் பிள்ளை."

"இவையை நான் பாக்கிறன், நீங்கள் மேல போங்கோ. அம்மா என்னை இருக்க விடுறா இல்லை. இவ்வளவு நேரமும் நிண்டுகொண்டு நிக்கிறன்."

"ஏன்?"

"போய்ப் பாருங்கோவன்!"

குழந்தையோடு நின்ற பெண்ணுக்கு என் கதிரையைக் காட்டிவிட்டு, என் லேஞ்சியை எடுத்துக்கொண்டு ஏறினேன். முழங்கால் நொந்தது. படிகளை மட்டும் எண்ணவில்லை.

மனைவிக்குப் பக்கத்துக் கதிரை காலியாக இருந்தது. அதன்மேல் அவள் வாய் துடைக்கும் லேஞ்சி கிடந்தது. ஒற்றைக் கையால் விரித்ததில் ஒரு மூலை உள்ளே சுருண்டு போயிருந்தது.

பக்கத்துச் சதுரத்தில் வயதான தாயோடு இருந்த முஸ்லிம் மனிதர் எனக்கு வழிவிட்டார். "வாங்க மாமா, உங்களுக்குத்தானா இவ்வளவு காவல்? நான் உம்மாட பேக்க கொஞ்சம் வைக்கப் போனதுக்கு மாமி பாத்த பார்வை! கொட்டாஞ்சேனைல பொலிஸும் அப்பிடிப் பாக்க மாட்டாங்க."

மனைவி அவரைக் கவனிக்கவில்லை. லேஞ்சியின் மேல் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். கையை எடுத்தாள். நான் லேஞ்சியை எடுத்துக்கொண்டு இருந்தேன்.

நீலச் சதுரத்தைக் கீறியவர் அதற்கு முன்னால் இருப்பவர்கள் எழும்புவார்கள் என்பதை எண்ணியிருக்கவில்லை. எழும்பிக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் அகன்ற ஒரு முதுகு, பூப்போட்ட சட்டை. மேடையில் யாரோ உயரத்தில் தொங்குகிறார் என்பது சனத்தின் சத்தத்தில்தான் விளங்கியது.

"உமக்கு ஏதும் தெரியுதே?" என்று கேட்டேன்.

அவள் இடக்கையைத் தூக்கி அந்த முதுகைக் காட்டினாள். உதடு இரண்டு தரம் முயன்றது.

"தூண்" என்றாள்.

அந்தச் சொல்லை நான் இரண்டு வருடமாகக் கேட்கவில்லை. சிரித்தேன். அவளும் சிரித்தாள், ஒரு பக்கத்து வாயால். வாயோரம் துடைத்துவிட்டேன்.

ஆட்டம் முடிந்தது. சட்டைக்காரரும் போய்விட, மேடை முழுதாகத் தெரிந்தது. ஒருவர் மட்டும் அதைக் கூட்டிக்கொண்டிருந்தார். மகள் பிள்ளைகளோடு ஏறி வந்து, "போவமா?" என்று நாற்காலியின் பிடியில் கை வைத்தாள். நான் லேஞ்சியை நாலாக மடித்து மனைவியின் கையில் கொடுத்தேன். அவள் அதை உதறி விரித்து என் மடியில் போட்டாள். போட்டுவிட்டு மேடையைப் பார்த்தபடி இருந்தாள்.

"தம்பி," என்று ஊழியரைக் கூப்பிட்டேன், "அடுத்தது எத்தனை மணிக்கு?"