கறிக்கடைக்காரர் வைத்த பரீட்சை

கறிக்கடைக்காரருக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். மூத்த மகளைக் கணக்கு வாத்தியார் அறைந்து இடது காதிலிருந்து ரத்தம் வழிந்த அன்று அவர் கடையைக்கூடப் பூட்டவில்லை. நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனார். வாத்தியாரின் வலது கையை மேசை டிராயருக்குள் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, டிராயரை உதைத்துச் சாத்தினார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. இரண்டு விரல்கள் முறிந்தன. கறிக்கடைக்காரருக்கு நாலு மாதம் ஜெயில். மகளுக்கு அந்தக் காது போனது போனதுதான்.

வெளியே வந்ததும் மனைவியிடம் சொன்னார்: "என் பிள்ளைங்க மேல இனிமே எவன் கையும் படக்கூடாது. வீட்லயே படிக்கட்டும்."

மூத்தவளுக்குப் பதின்மூன்று வயது, சின்னவளுக்குப் பத்து. இஸ்திரிக் கடையில் வேலை பார்க்கும் மனைவி காலையில் மொழிப்பாடம் நடத்திவிட்டுக் கிளம்புவாள். மத்தியானம் அவர் கடையைச் சாத்திவிட்டு வந்து, கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, கணக்கும் அறிவியலும் நடத்துவார். ஒருநாள் ஆட்டின் இதயத்தைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து, பிளந்து நாலு அறைகளையும் காட்டினார். சின்னவள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானாப்பா? இதுக்கா இவ்வளவு பேச்சு?" என்றாள். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

பருவம் முடியும்போது கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வீட்டிலேயே பரீட்சை நடத்தி விடைத்தாள்களை அனுப்ப வேண்டும். பாதி மதிப்பெண்ணுக்குக் குறைந்தால் பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்ப வேண்டும். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

சாப்பாட்டு மேசையின் இரண்டு முனைகளில் இரண்டு பேரையும் உட்காரவைத்து, நடுவில் ஓர் அட்டைப்பெட்டியை மறைப்பாக வைத்தார்.

"பேசக்கூடாது. திரும்பக்கூடாது. எது வேணும்னாலும் கையத் தூக்கணும்."

"அவசரமா ஒண்ணுக்கு வந்தா?" என்றாள் சின்னவள்.

"அதுக்கும் கைதான்."

முதல் இரண்டு நாள் நல்லபடியாகப் போயிற்று. மூன்றாம் நாள் கணக்கு. அன்று காலை கடையில் கறி வாங்க வந்த ஒருவன், "ஜெயிலுக்குப் போய்ட்டு வந்தவர் இப்ப வாத்தியாராமே!" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிச் சிரித்திருந்தான். அந்தக் கொதிப்போடுதான் அவர் வீடு வந்தார்.

சின்னவள் நாலாவது கணக்கில் மாட்டிக்கொண்டாள். பின்னக் கழித்தல். இருபது நிமிடமாகப் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவர் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"நேத்து தண்ணி பட்ட பாடா போட்டியே! இப்ப என்ன?"

"மறந்துபோச்சுப்பா."

"மறக்குமா? திரும்ப அங்கயே போகணுமா உனக்கு?"

"போறேன். அங்கயாவது மணி அடிச்சா விட்டுடுவாங்க."

அடுத்த கணம் அவர் கை பாய்ந்தது. இருபது வருடமாக எலும்பு வெட்டிய கை. சின்னவள் நாற்காலியோடு சாய்ந்தாள். மேசை விளிம்பு அவள் புருவத்தைப் பிளந்தது. விடைத்தாள் சிவந்து நனைந்தது. அப்போதும் அவர் நிற்கவில்லை. தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார்.

"விடுங்க அவள!" மூத்தவள் காம்பஸின் கூரான முனையை அவர் முன்கையில் குத்தி இறக்கினாள்.

அவர் உறுமிக்கொண்டு திரும்பினார். ஓங்கிய கையைப் பார்த்ததும் அவள் இரண்டு கைகளாலும் வலது காதைப் பொத்திக்கொண்டாள்.

"இந்தக் காதுல மட்டும் வேணாம்ப்பா. இது ஒண்ணுதான் இருக்கு."

ஓங்கிய கை அப்படியே நின்றது. அந்த நேரத்தில்தான் வேலையிலிருந்து திரும்பிய மனைவி கதவைத் திறந்தாள். தரையில் ரத்தத்தோடு கிடந்த மகளைப் பார்த்தாள். வாசலோரம் இருந்த மர முக்காலியைத் தூக்கி அவர் தோளில் இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"அந்த வாத்தியாருக்கு டிராயர். உங்களுக்கு நான் எத வச்சு நசுக்கறது? சொல்லுங்க!"

அவர் தோளைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

ஆஸ்பத்திரியில் சின்னவளுக்கு ஐந்து தையல் போட்டார்கள். அவருக்குக் கழுத்துப்பட்டை எலும்பில் கட்டு. எப்படி ஆயிற்று என்று நர்ஸ் கேட்டாள். மனைவி வாயெடுப்பதற்குள், "நான்தான் அடிச்சேன். எழுதிக்கோங்க," என்றார் அவர்.

எழுதிக்கொண்டார்கள். போலீஸ் வந்தது. ஆறு மாதம் வீட்டுப் பக்கம் போகக்கூடாது என்று உத்தரவாயிற்று. கடையின் பின்கட்டில், ஐஸ் பெட்டியின் உறுமலுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டார்.

கணக்குப் பரீட்சையை ஒரு வாரம் கழித்து மனைவி நடத்தினாள். புதுத் தாள், புதுக் கேள்விகள். பிள்ளைகளை உட்காரவைத்துவிட்டு அவள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பட்டாணி உரித்தாள். ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. சின்னவளுக்கு அறுபத்தொன்று. மூத்தவள் கடை வாசலில் நின்று, "ரெண்டு பேரும் பாஸ்," என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனாள். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

ஆறு மாதம் முடிந்து வீட்டுக்கு வந்தார். பாடம் நடத்துகிறேன் என்று அவரும் கேட்கவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. சாப்பிடும்போது உப்பை எடுக்க அவர் கை நீட்டினாலும் சின்னவளின் தலை தானாகக் குனிந்தது. அதை இரண்டு தடவை பார்த்தார். அதன்பிறகு அவர் எதற்கும் கை நீட்டவில்லை.

"அந்த உப்பக் கொஞ்சம் எடுத்துக் குடும்மா," என்று கேட்டுவிட்டு, சின்னவள் தரும்வரை காத்திருந்தார்.