தாய் என்ன செய்கிறார்?

ஒஸ்லோவில் சாமான் இறக்குமதி செய்ய ஒரு கொம்பனி தொடங்க நினைத்தேன். அப்போது இங்கே அதற்குப் பெரிய முதலீடு காட்ட வேண்டியிருந்தது. லண்டனில் அந்தத் தொல்லை இல்லை. ஆகவே லண்டனில் தம்பி வீட்டு விலாசத்தில் கொம்பனியைப் பதிந்துவிட்டு, அதன் கிளையாக நோர்வேயில் பதிய விண்ணப்பித்தேன். அந்த நாட்களில் பலர் செய்த, சட்டம் இடம்கொடுத்த வழிதான்.

எல்லிங்ஸ்ருட் போகும் ரயிலில் நிற்கும்போது பதிவு அலுவலகப் பெண் தொலைபேசியில் அழைத்தாள். சுரங்கத்துக்குள் பாதிப் பேச்சு கேட்கவில்லை. தலைமை நிறுவனத்தை நோர்வேஜிய மொழியில் 'தாய்க் கொம்பனி' என்பார்கள். எனக்குத் 'தாய்' மட்டுமே கேட்டது.

"லண்டனில் தாய் என்ன செய்கிறார்?"

இவளுக்கேன் எங்கள் வீட்டு வம்பு விடுப்பு என்று எரிச்சல் வந்தது. அம்மா தம்பியோடு அந்த வீட்டில்தான் இருந்தா.

"வயதானவர். முழங்கால் வலி. தொலைக்காட்சி பார்க்கிறார்," என்று அவள் மொழியிலேயே வெடுக்கென்று சொன்னேன்.

"நான் கேட்டது தாய்க் கொம்பனியை," என்றாள்.

அதுவும் அங்கே ஒன்றும் செய்வதில்லை, வேலையெல்லாம் ஒஸ்லோவில்தான் என்று உள்ளதைச் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த கிழமை பதிவு எண் வந்துவிட்டது.

சந்தோஷத்தில் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை.

"ஒண்டும் செய்யிறேல்லையோ? அப்ப உன்ர கொம்பனிக்கு வாற கடிதமெல்லாத்தையும் கதவடியிலை இந்த முழங்காலோடை குனிஞ்சு பொறுக்கிறது ஆர்?"