பாலாஜியின் விஷன் போர்டுக்கு நிழல் போட்ட கதை

பாலாஜி கடைக்கு வந்த முதல் நாளே என்னை ஆன்ட்டி என்று கூப்பிட்டான். அவனுக்கு முப்பது தாண்டியாயிற்று. தலையில் எனக்கு இருப்பதில் பாதி முடிகூட இல்லை. இருந்தாலும் கோபம் வரவில்லை, பாவம், நல்ல பையன்.

அப்போது நான் மயிலாப்பூர் மாடவீதிக்குப் பக்கத்துச் சந்தில் டிஜிட்டல் பிரிண்ட் கடை வைத்திருந்தேன். அதற்கு முன்னால் கோடம்பாக்கத்தில் சினிமா போஸ்டர் டிசைன். ஹீரோவின் தொப்பையைக் கரைத்துக் கரைத்துப் பழகிய கை இது. சொந்தக் கடை போட்ட பிறகு கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, காதுகுத்து பேனர் என்று எது வந்தாலும் செய்தேன். விஷன் போர்டு மட்டும் அதுவரை வந்ததில்லை.

1. ஒட்டினால் போதாது

பாலாஜி தேனாம்பேட்டையில் ஒரு கார் ஷோரூமில் அக்கவுண்ட்ஸ் பார்த்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தி. நகர் ஹோட்டலில் நடந்த ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போய் வந்திருக்கிறான். வாழ்க்கையில் என்னென்ன வேண்டுமோ அதன் படங்களை எல்லாம் ஒரே அட்டையில் ஒட்டித் தினமும் காலையில் பார்க்க வேண்டும், பார்த்தால் தானாக வரும் என்று அங்கே ஒரு கோச் சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். இவனுக்கு அது போதவில்லை.

"ஒட்டினா மட்டும் போறாது ஆன்ட்டி. எல்லாத்துலயும் நான் ஏற்கெனவே இருக்கற மாதிரி இருக்கணும். நடந்துடுத்துன்னு மனசு நம்பணும்."

செல்போனைப் பார்த்து வாசித்தான். ஃபைனான்ஸ் ஹெட் என்று பலகை போட்ட கேபின். அடையாறில் மாடி வீடு. நீளமான வெளிநாட்டுக் கார். பனிமலை. சட்டை போடாத உடம்பு, வயிற்றில் கட்டம் கட்டமாக. கடைசியில் ‘உறவு’ என்று ஒரு தலைப்பு. அதற்கு ஒரு நாய். பெரிய சடை நாய்.

கல்யாணம் இல்லியாப்பா என்று கேட்டேன். "அது அம்மா பாத்துண்டிருக்கா. என் லிஸ்ட்ல வேண்டாம்" என்றான்.

அம்மா பார்த்துக்கொண்டிருந்த லட்சணம் எனக்குத் தெரியும். அவன் அம்மா அலமேலு மாமி கோயிலுக்குப் போகிற வழியில் என் கடை வாசலில் நின்று புலம்பாத நாள் கிடையாது. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. வாடகை வீடு. ஜாதகம் பொருந்தும், பேச்சு நடக்கும், சொந்த வீடு இல்லை என்றதும் பெண் வீட்டார் போனை எடுக்க மாட்டார்கள். எனக்கு அப்புறம் அவனுக்கு யார் இருக்கா என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார். அவனுக்கு ஒரு நல்ல இடம் அமைய வேண்டும் என்று நானும் மனசார ஆசைப்பட்டேன்.

2. வேலை

தற்பெருமை என்று நினைத்தாலும் பரவாயில்லை, வேலை அமர்க்களம். ஆளை வெட்டி ஒட்டுவது யாராலும் ஆகும். கால் தரையில் பதிய வேண்டும், அதற்கு நிழல் சரியாக விழ வேண்டும். வெயில் இடது பக்கமிருந்து வந்தால் நிழல் வலது பக்கம் சாய்ந்து படிக்கட்டில் மடங்கி இறங்க வேண்டும். கார் பானெட்டில் அவன் முகம் மங்கலாகத் தெரியும்படிகூடச் செய்தேன்.

வீட்டு வாசல் படத்தில் முதலில் அவனைத் தூண் ஓரமாகத்தான் நிறுத்தினேன். கண்ணுக்கு அதுதான் அழகு. புரூஃப் பார்க்க வந்தவன் உதட்டைப் பிதுக்கினான். நடுவுல ஆன்ட்டி, எல்லாத்துலயும் நடுவுல என்றான். கஸ்டமர் சொன்னால் சரி, நகர்த்தினேன். மொத்த போர்டையும் ஏ3-யில் லேமினேஷன் போட்டுக் கொடுத்தேன். செல்போனில் வைத்துக்கொள்ள ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகவும் அனுப்பினேன். என் வழக்கப்படி எல்லாவற்றிலும் மூலையில் பொடி எழுத்தில் கடைப் பெயர்.

3. மாமி முந்திக்கொண்டார்

கொஞ்ச நாளில் மாமி முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். ஒரு நல்ல வரன். பெண் பெயர் வித்யா, அடையாறில் பிசியோதெரபிஸ்ட். ஜாதகத்தோடு பையன் படங்களையும் அனுப்பினாராம், வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வரச் சொல்லிவிட்டார்களாம். எந்தப் படம் மாமி என்றேன். நான் செய்த படம்தான், அவன் செல்போனிலிருந்து எடுத்தது. வீடு, கார், பனிமலை, நாய் எல்லாம்.

மாமி, அது நெஜம் இல்லியே என்றேன்.

"நடந்துடுத்துன்னு நெனச்சுக்கணும்னு அந்தக் கோச்சே சொல்லியிருக்காராம். நான் நெனச்சுண்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு அர்ச்சனைத் தட்டோடு கிளம்பிவிட்டார். பாலாஜிக்கு இது தெரியவே தெரியாது.

4. மூலையில் இருந்த பெயர்

வெள்ளிக்கிழமைக்கு முன்னாடியே அந்தப் பெண் தனியாகக் கடைக்கு வந்துவிட்டாள். செல்போனில் பனிமலைப் படத்தின் மூலையைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

"ஃபாரின்ல எடுத்த படத்துல மயிலாப்பூர் கடை பேர் எப்படி மேடம் வந்தது?"

ஒருவர் வேலையை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். கலர் கரெக்‌ஷனுக்கு வந்தது என்று மழுப்பிப் பார்த்தேன். அவள் அடுத்த படத்தின் மூலையையும் பெரிதாக்கிக் காட்டினாள். இதற்கு மேல் மறைத்தால் பையன் பித்தலாட்டக்காரன் ஆகிவிடுவான் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இதற்குப் பெயர் விஷன் போர்டு, அவன் யாரையும் ஏமாற்றச் செய்யவில்லை, அம்மா ஆசையில் அனுப்பிவிட்டார், பீடி சிகரெட் கிடையாது, கெட்டிக்காரன், ஒருநாள் நிஜமாகவே வீடு கட்டுவான். கல்யாணத் தரகர்கூட அவ்வளவு பேசியிருக்க மாட்டார்.

அவள் சிரித்துவிட்டாள். வீடு இல்லாவிட்டால் என்ன, தன்னிடமும்தான் இல்லை என்றாள். அவள் அம்மாவும் சும்மா இல்லையாம், சாம்பார் வைக்கத் தெரியாத பெண்ணைச் சமையலில் கெட்டிக்காரி என்று எழுதி அனுப்பியிருக்கிறாராம். அப்பாடா, பிழைத்தான் என்று எனக்கு உயிர் வந்தது.

முழு போர்டையும் பார்க்கலாமா என்று கேட்டாள். சந்தோஷத்தில் நானே மானிட்டரைத் திருப்பி வைத்தேன். சிரிப்பு மெல்ல அடங்கியது. அவர் அம்மா இதில் எங்கேயும் இல்லையே என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அத்தனை நாள் அந்தப் படங்களோடு உட்கார்ந்திருக்கிறேன், எனக்குத் தோன்றவே இல்லை.

"எல்லாத்துலயும் நட்ட நடுவுல நிக்கறார். பக்கத்துல யார் வந்தாலும் படம் கெட்டுடும். நாய்க்குத்தான் எடம் இருக்கு. இப்படி அவர் கேட்டாரா, நீங்களா வெச்சீங்களா?"

நானாகத்தான் வைத்தேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. வாழப்போகிறவள் அவள், நான் இல்லை.

"அவர்தாம்மா கேட்டாரு" என்றேன்.

நன்றி சொல்லிவிட்டுப் போனாள். வெள்ளிக்கிழமை வர வேண்டாம் என்று மறுநாளே அவர்கள் வீட்டிலிருந்து மாமிக்குப் போன் வந்தது.

5. ஆறடி

பாலாஜி மறுபடி வந்தான். பெரிதாக வருத்தம் ஒன்றும் தெரியவில்லை. போர்டு சின்னதாக இருப்பதால்தான் எதுவும் கைகூடவில்லை என்று கோச் சொன்னாராம். படுக்கையறைச் சுவருக்கு ஆறடியில் ஃப்ளெக்ஸ் வேண்டும் என்றான்.

மனசு கேட்கவில்லை. வீட்டு வாசல் படத்தைத் திறந்து காட்டினேன். "தம்பி, இங்க உன் பக்கத்துல ஒரு ஆளு நிக்கறதுக்கு எடம் வுடட்டா? யாருன்னு இப்ப வேணாம். எடம் மட்டும்."

தலையைச் சாய்த்து வெகுநேரம் பார்த்தான். நிஜமாகவே யோசித்தான், அதை மறுக்க மாட்டேன்.

"அப்போ நான் ஓரமாப் போயிடுவேனே ஆன்ட்டி."

நடுவிலேயே வைத்துப் போட்டுக் கொடுத்தேன். தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், மவுஸால் ஒரு ஆளை எந்த ஊரிலும் கொண்டுபோய் நிறுத்திவிடலாம். கொஞ்சம் தள்ளி நில்லுப்பா என்று ஒரு தரம் சொல்லிப் பார்க்கலாம், அதற்கு மேல் நம் கையில் இல்லை.

ஃப்ளெக்ஸை வாங்க அலமேலு மாமிதான் வந்தார். அவன் எங்கே என்றேன், ஜிம்முக்குப் போயிருக்கிறான் என்றார். சுருள் மாமியைவிட உயரம். தோளில் சாய்த்துக்கொண்டு படி இறங்கியவர் திரும்பி, "பெரிசாப் போட்டிருக்கியே, இந்தத் தடவை பலிச்சுடும் இல்லியாடி?" என்று கேட்டார்.

பலிக்கும் மாமி, பாத்துப் போங்க என்றேன்.